கோலும் கணக்கும்: போலீஸ் இலாகாவில் சீருடையில்லா அதிகாரி

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன தொப்பியும் தடியுமேயாம். அவ்விலாகாவினுள்ளே சீருடை அணியாது, தடி ஏந்தாது, பணத்தையும் ஆளையும் கட்டடத்தையும் தஸ்தாவேஜையும் பரிபாலிக்கும் பிரிவு அதிகாரி ஒருவர் உண்டென்பதைப் பலர் நினைப்பதேயில்லை. செந்தூல் போலீஸ் நிலையத்தின் படியேறும் நம் மக்கள், எதிரே நிற்கும் சார்ஜனையே இலாகா முழுவதுமெனக் கொண்டு திரும்புகின்றனர். இந்தச் சீருடையில்லா உத்தியோகம் எங்ஙனம் தோன்றியது, அதனால் ஏழை ஜனங்களுக்கு விளைந்த நன்மை யாது என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்து வாசகருக்கு இதன் தத்துவம் புதிதன்று. பெரட்டுக் களத்தில் ஆளை ஏவியவர் கங்காணி. செக்ரோலில் பேர் போட்டவர் கிராணி. ஏவுகின்றவர் கையிலேயே செக்ரோலும் இருந்திருக்குமாயின், அவரை எதிர்த்துப் பேசியவன் அன்று வேலை செய்தானா, இல்லையா என்பதற்குச் சாட்சியே இராது. அதிகாரம் ஒரு கையிலும் கணக்கு மற்றொரு கையிலும் இருத்தல் வேண்டும் என்பது இதனாலேதான்.

இவ்விரண்டும் ஒரே கையில் இருந்ததன் கொடுமையை நம் முன்னோர் தமிழ்நாட்டிலேயே அனுபவித்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்துத் தாசில்தார் வரி வசூலிப்பவராகவும் தாலுகாவின் போலீஸ் தலைவராகவும் இருந்தார். அவருடைய சேவகரே வரி கேட்டனர். அவரே குற்றவாளியைப் பிடித்தனர். வரி கொடாத குடியானவனுடைய விரல்களைக் கிட்டியில் இட்டு நெருக்குவதும், உடலை வளைத்துக் கயிற்றாற் கட்டி வெயிலில் விடுவதும் வழக்கமாயின. அடித்தவரைப் பற்றி அடித்தவரின் எஜமானரிடமே முறையிட வேண்டியிருந்தது. இச்செய்தி இங்கிலாந்துப் பார்லிமெண்டு வரை எட்டியதன் பயனாக, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஏற்பட்டு, 1855-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. நேரிலும் கடித மூலமும் அதற்குக் கிடைத்த புகார்கள் 1,959 ஆகும். எழுத்தறியாத குடிகள் மலிந்த காலத்தில் இத்தனை பேர் முன்வந்தனரெனின், வாய் திறவாதவர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

இதன் பின்னரே வரி வசூலும் போலீஸும் பிரிக்கப்பட்டன. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டப்படி சென்னை மாகாணப் போலீஸ் தனி இலாகாவாக அமைந்தது. அதன் முதல் தலைவரான வில்லியம் ராபின்சன் படைத்தளபதியல்லர், சிவில் உத்தியோகஸ்தர். பிற்காலத்தில், 1875-இல், சென்னைக்குத் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தவர். 1861-ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டம் ஏற்படுவதற்குச் சென்னை அமைப்பும் ஒரு முன்மாதிரியாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. கிட்டியிடச் செய்த தாசில்தாரும் சீருடையில்லாத சிவில் உத்தியோகஸ்தரே! ஆகவே சீருடையைக் கழற்றிவிட்டமாத்திரத்தில் ஒருவர் நியாயவானாகிவிடுவார் என்று கொள்வது பேதைமை. நன்மை ஆடையில் இல்லை. அதிகாரத்தைப் பிரித்துவைப்பதிலும், ஒருவர் செய்கையை மற்றொருவர் கணக்கில் பதிவதிலுமே இருக்கின்றது.

இப்பிரிவினையைத் தெளிவாகச் செய்து காட்டியது லண்டன் நகரம். 1829-ஆம் ஆண்டில் அங்கு மாநகரப் போலீஸ் தோன்றியபொழுது, படையிலிருந்து வந்த சார்லஸ் ரோவன், வழக்கறிஞரான ரிச்சர்ட் மெய்ன் ஆகிய இருவரும் கமிஷனர்களாயினர். பணப்பெட்டியோ அவர்களிடம் ஒப்புவிக்கப்படவில்லை. அதற்கென 'ரிஸீவர்' என்னும் தனி உத்தியோகம் சட்டத்தினாலேயே ஏற்படுத்தப்பட்டது. சம்பளம், கட்டடம், குத்தகை, சாமான் யாவும் அவர் பொறுப்பு. முதல் ரிஸீவர் ஜான் ரே என்பவர் 1860 வரை அப்பதவியில் இருந்தார். 1886 முதல் 1888 வரை கமிஷனராயிருந்த ஸர் சார்லஸ் வாரன், செலவுக்கு ரிஸீவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கின்றதே என்று மனங்கசந்து பூசலிட்டார். அக்கசப்பில் நியாயமும் இல்லாமலில்லை. அவசர வேளையில் தாமதம் கேடு விளைக்கும். எனினும் அவ்வுத்தியோகம் 2000-ஆம் ஆண்டில் எடுபடும் வரை 171 ஆண்டுகள் நிலைத்து நின்றது.

நம் மலாயாவின் வரலாறு வேறு. சிலாங்கூர் போலீஸ் 1875-இல் ஹாரி சார்லஸ் சையர்ஸ் என்பவரின் தலைமையில் உருவாயிற்று. அவர் முன்னர்ச் சாதாரணப் படைவீரராயிருந்தவர். 1896-இல் ஐக்கிய மலாய் நாடுகளின் முதல் போலீஸ் கமிஷனராகி, மறு ஆண்டே வேட்டையில் காட்டெருதினால் மாண்டார். படை முறையில் வளர்ந்த அவ்விலாகாவில் மலாய்க்காரரும் சீக்கியருமே மிகுதியாகத் தடி ஏந்தினர். தமிழரோ பெரும்பாலும் பேனா ஏந்தியே சர்க்கார் இலாகாக்களில் நுழைந்தனர். செந்தூல் இரயில்வே பட்டறைத் தொழிலாளியோ, தோட்டத்து ஆளோ, தன் மொழியில் சொன்ன வழக்கு வேற்று மொழியில் எழுதப்பட்ட பின்னரே வழக்காயிற்று. எழுதியவர் ஒரு சொல்லை விட்டால் அவன் நியாயமும் அத்துடன் விடுபட்டது. 1952-இல் கமிஷனராக வந்த ஆர்தர் யங், அவசரகாலத்தில் துப்பாக்கியோடு பழகிவிட்ட போலீஸை மீண்டும் பொதுஜன சேவைக்குத் திருப்ப முயன்றது குறிப்பிடத்தக்கது.

சுதந்திரம் பெற்ற நாட்டில், 2004-இல் முன்னாள் பிரதம நீதிபதி துன் முகம்மது ஸைடின் தலைமையில் அமைந்த அரச கமிஷன், 2005-இல் 125 சிபார்சுகளைச் செய்தது. எழுத்து வேலைகளைச் சிவில் உத்தியோகஸ்தரிடம் ஒப்புவித்து, பயிற்சி பெற்ற போலீஸாரை வீதிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அக்கமிஷனின் கருத்து. ஒரு காவலரைப் பயிற்றுவிக்கப் பொதுஜனங்களின் பணம் செலவாகின்றது. அவரை மேசையில் அமர்த்திச் சம்பளப் பட்டியல் எழுதச் செய்வது, மரம் வெட்டத் தெரிந்தவனைக் கொண்டு பால் நிறுக்கச் சொல்வதை ஒக்கும். புகார்களை விசாரிக்கப் போலீஸுக்குப் புறம்பான குழு வேண்டுமென்ற சிபார்சு நெடுங்காலம் இழுபட்டு, 2022-ஆம் ஆண்டுச் சட்டமாகி, 2023 ஜூலை முதல் நாள் வேறு உருவில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே தோழர்களே, போலீஸ் நிலையத்தில் தடியைக் கண்டு அஞ்சிப் பேனாவை மறத்தல் கூடாது. நாம் கொடுக்கும் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டச் சொல்லி, நாம் சொன்னது அதில் உண்டா என்று அறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும். அதன் பிரதியையும் கேட்டு வாங்க வேண்டும். பிடிவாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின், நான்கு வாரங்கள் கழிந்தபின் விசாரணையின் நிலையை எழுத்து மூலம் தரும்படி கேட்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு நமக்கு உரிமை அளிக்கின்றது. அன்று சென்னை மாகாணத்துக் குடியானவனுக்கு இவ்வுரிமை இருந்ததில்லை. நம்மிடம் இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாதிருப்பின், குறை சட்டத்தினுடையதன்று. நம் இளைஞரும் அவ்விலாகாவின் சீருடை வேலைக்கு மட்டுமன்றி, அதன் கணக்கு, ஆவணம், நிர்வாகம் ஆகிய சிவில் பதவிகளுக்கும் மனுச் செய்ய முன்வருவார்களாக.