வரம்பு

வயலில் நீரைத் தேக்கும் மண்கரைக்கு வரம்பு என்று பெயர். வரப்பு என்பதும் அதுவே. எந்த எல்லைக்கும் இச்சொல் பொருந்தும். பொருளியலில் ‘உற்பத்தி வரம்பு’ என்பது, கையிலுள்ள ஆள், இயந்திரம், மூலப்பொருள் கொண்டு எட்டக்கூடிய உச்ச உற்பத்தி.

கொரட்டூரை ஒட்டிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே வகை உதிரிபாகம் கடையும் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். குறைந்த உள்ளீட்டில் அதிகம் தருபவை வரம்பின் மேல் நிற்கும், மற்றவை உள்ளே. ஒரு பட்டறையின் திறன் மதிப்பு 0.8 என்றால், அதே உற்பத்தியை 80 சதவீத உள்ளீட்டிலேயே முடித்திருக்கலாம். 1957இல் இந்த அளவையை முன்வைத்த மைக்கேல் ஃபாரெல் அதைப் பொருத்திப் பார்த்தது அமெரிக்க வேளாண்மையில். வரப்புக்கு உரிய இடம்தான்!

1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் இந்த மதிப்பைக் கணக்கிட வகுத்த முறை, வரம்புக்குக் கீழான குறை முழுவதையும் பட்டறையின் தலையில் கட்டும். மின்வெட்டில் நின்றுபோன லேத்துக்கும் விலக்கு இல்லை. அதற்கு ஓராண்டு முன்பே வந்த நிகழ்தகவு வரம்பு முறை தற்செயலைத் தனியே பிரிக்கிறது. சிறுதொழிலுக்கு அதுவே நியாயம் என்பேன். ஆனால் வரம்பைப் போடுவது கணக்கில் வந்த பட்டறைகள்தாம். எல்லாமே மந்தமாக இருந்தால், ஃபாரெல் வழிவந்த அளவையில் அவற்றுள் முந்தியதற்கு முழு 1 கிடைத்துவிடும்.