ஒளிப்படச் சிற்பம்

ஒளிப்படச் சிற்பம் என்பது, ஒளிப்படத்தைத் தட்டையான தாளாக மட்டும் கொள்ளாமல், கல், மரம், உலோகம் முதலியவற்றோடு இணைத்துப் பருமனுடைய பொருளாக்கும் கலப்பு ஊடகக் கலைமுறை ஆகும். 1860களில் பாரிசில் பிரான்சுவா வில்லெம், வட்டக் கூடத்தின் நடுவே ஒருவரை நிறுத்திச் சுற்றிலும் 24 கேமராக்களால் படமெடுத்து, அப்படங்களின் புறக்கோடுகளைக் களிமண்ணுக்கு மாற்றி உருவச்சிலை செய்தார். 1970இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பீட்டர் பன்னெல் அமைத்த கண்காட்சி இத்துறைக்குத் தனி அடையாளம் தந்தது.

கலை மாணவர்கள் பட்டறையிலேயே செய்யத்தக்க வழி, ஒளியுணரும் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் குழம்பை இருட்டறையில் சிற்பத்தின் மேல் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி பாய்ச்சி, வேதிக் கரைசலால் உருவை வெளிக்கொணர்ந்து நிலைப்படுத்துவதாகும். வளைந்த பரப்பில் உருவம் நீண்டும் குறுகியும் திரிவது குறையன்று, இக்கலையின் உயிரே அதுதான்.

சிற்பமும் ஒளிப்படமும் வேறொரு வகையிலும் இணையலாம். பெங்களூருவில் 1956இல் பிறந்த என். புஷ்பமாலா, பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் சிற்பம் பயின்று, சுடுமண் உருவங்களால் அறியப்பட்டபின், 1990களில் தம் உடலையே உருவமாக நிறுத்தும் ஒளிப்பட நிகழ்த்துகலைக்கு வந்தார். ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் 2000–2004இல் உருவாக்கிய, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய படவரிசையில், ஓவியர் ரவிவர்மாவின் லட்சுமியாகவும் வேளாங்கண்ணி மாதாவாகவும் அவர் தோன்றுகிறார். தீட்டிய திரை, அணிமணி, நிற்கும் நிலை ஆகிய அனைத்தையும் கையால் கட்டியெழுப்பிய பின்னரே படமெடுக்கப்படுவதால், அங்கே செயல்படுவது சிற்பியின் கண் என்றே கொள்ள வேண்டும்.