மெதுவாட்டம் (போக்கர்)

மெதுவாட்டம் என்பது போக்கர் சீட்டாட்டத்தில், வலிமையான சீட்டுகளைப் பெற்ற ஆட்டக்காரர் பந்தயத்தை உயர்த்தாமல் வலிமையற்றவர் போல் ஆடும் உத்தி ஆகும். எதிராளியை விலகவிடாமல் தொடர்ந்து பந்தயம் கட்டச் செய்வதே இதன் நோக்கம். வரம்பற்ற பந்தய ஆட்டத்தில் சில்லுகள் அனைத்தையும் ஒரே தடவையில் கட்டலாம் என்பதால், இவ்வுத்தி பெரும் பலன் தரக்கூடும்.

இடர்கள்

எதிராளி அடுத்து விழும் பொதுச் சீட்டுகளைக் குறைந்த செலவில் காண்பதால், அவருக்கு மேலான சீட்டுகள் அமைய வாய்ப்புண்டு. சில்லுகளை மீண்டும் வாங்க இயலாத சுற்றுப்போட்டியில் இது வெளியேற்றத்தில் முடியலாம். எனவே எதிராளிகள் பலர் உள்ளபோது உடனே பந்தயம் கட்டுவதே பெரும்பாலும் ஏற்றதாகும்.

எடுத்துக்காட்டு

லாஸ் வேகஸில் நடந்த 1988 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், ஜானி சானும் எரிக் சீடலும் மட்டுமே எஞ்சியிருந்தனர். இறுதி ஆட்டத்தில் சானிடம் ஜாக்கி, 9 ஆகியனவும் சீடலிடம் ராணி, 7 ஆகியனவும் இருந்தன. முதல் மூன்று பொதுச் சீட்டுகள் ராணி, 10, 8. இதனால் சானுக்கு 8 முதல் ராணி வரையான வரிசை அமைந்தது. அந்நிலையில் அதனை வெல்லும் சீட்டுகள் வேறில்லை. எனினும் அவர் பந்தயத்தை உயர்த்தவில்லை. தம் ராணி இணையை நம்பிய சீடல், கடைசிச் சீட்டுக்குப் பின் எல்லாச் சில்லுகளையும் கட்டித் தோற்றார். சான் 1987ஐத் தொடர்ந்து இரண்டாம் முறையாக வாகை சூடினார். இவ்வாட்டத்தின் காட்சி, 1998 இல் வெளிவந்த ரவுண்டர்ஸ் திரைப்படத்தில் இடம்பெற்றுள்ளது.