பெயரில்லாக் கணக்கு

கடையநல்லூரில் நான் சிறுவனாயிருந்த நாளில், மேகநோய் என்னும் சொல்லைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியே சொல்வார்கள். தறியோசை ஓய்ந்த வேளையில் அதுவும் சொல்லார். இவ்வாறு மறைக்கப்படும் நோயை நாடு எங்ஙனம் கணக்கிடுவது?

ஆங்கிலேயர் ஒரு வழி கண்டனர். 1868-இல் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, பரத்தையர் எனக் கருதிய பெண்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதினர், கட்டாயமாகச் சோதித்தனர், நோய் கண்டால் மருத்துவமனையில் அடைத்தனர். சட்டத்தின் பயனையோ, நோயுற்ற சிப்பாய்களின் தொகையைக் கொண்டே அளந்தனர். பதிவுக்கு அஞ்சிய பெண்கள் மறைந்தனர். நோயும் உடன் மறைந்தது. 1888-இல் சட்டம் நீக்கப்பட்டது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுநீதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் குருதியைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக வெளிப்பட்டது அப்போதுதான்.

பின்னர் வேறு முறை வந்தது. குறித்த சில மருத்துவமனைகளில், கருவுற்ற பெண்களிடம் வழக்கமான சோதனைக்கு எடுத்த குருதியில் எஞ்சியதை, பெயரை நீக்கிச் சோதித்தனர். ஓரிடத்துக்கு 400 மாதிரிகள். தமிழகம் உள்ளிட்ட தென்மாநிலங்களில், 15 முதல் 24 வயது வரையுள்ள கருவுற்ற பெண்களிடையே 2000-இல் நூற்றுக்கு 1.7 ஆக இருந்த தொற்று, 2004-இல் 1.1 ஆகக் குறைந்தது தெரிந்தது.

ஆயினும் ஒரு குறை. அருவி பெருகுவதையும் மெலிவதையும் குற்றாலத்தில் நின்று அறியலாம். அதைக்கொண்டு சங்கரன்கோவில் கரிசலில் பெய்த மழையை அளக்கலாகாது. மருத்துவமனைக் கணக்கை முதன்மையாக நம்பியதால், நாட்டில் தொற்றுற்றோர் 50 இலட்சத்துக்கு மேல் என மதிப்பிட்டிருந்தனர். 2005-06-இல் வீடு வீடாகச் சென்று, இசைவு பெற்று, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தனர். அதன் பயனாய் 2007-இல் மதிப்பீடு ஏறத்தாழ 25 இலட்சமாகத் திருத்தப்பட்டது.

பெயரை நீக்கியதால் அச்சம் நீங்கிற்று. ஆனால் மருத்துவமனையில் எஞ்சிய குருதியில் தொற்றுக் கண்டாலும், இன்னாருக்கு என்று சொல்ல வழியில்லை. ஆகவேதான், விரும்பி வருவோர்க்கு இரகசியம் காத்து ஆலோசனையும் சோதனையும் தரும் நிலையங்கள் தனியே தேவைப்பட்டன.

ஊரின் நோயை அளக்க ஒருவர் பெயர் வேண்டுவதில்லை. ஒருவரைக் காக்கவோ, அவர் நம்பிக்கையுடன் தாமே முன்வரல் வேண்டும். 1868-ஆம் ஆண்டுச் சட்டம் பெயரைப் பெற்றது, நம்பிக்கையை இழந்தது. அதன் தோல்வி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.