தம்மைத் தாமே காட்டிய படங்கள்

விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவியால் தீட்டிய பாறை ஓவியங்கள் உள்ளன. திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் குன்றில் பாறையில் கீறிய உருவங்கள் உள்ளன. அவற்றின் பொருள் குறித்து ஆய்வாளர்கள் விவாதிக்கலாம்; பார்ப்பதற்கு வெளிச்சமும் கண்ணும் போதும். கணினியில் சேமித்த படம் அப்படியன்று. அது வெறும் எண்களின் வரிசை. அதைப் படமாக்க இன்னொரு நிரல் வேண்டும். டாஸ் காலத்தில் இத்தேவையையே ஒழித்துவிட ஒரு முயற்சி நடந்தது. அதன் கதை தமிழ் எழுத்தைப் பேண விரும்பும் நமக்கும் உரியது.

1980களில் ஓவிய மென்பொருள்கள் பலவும் தத்தமக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்திருந்தன. பிளாப்பியில் படத்தை அனுப்பினால், பெறுபவரிடம் அதைத் திறக்கும் மென்பொருள் இருக்குமென்பது உறுதியில்லை. ஆகவே, படத்தையும் அதைக் காட்டும் நிரலையும் ஒரே கோப்பாகக் கட்டித்தரும் சிறு கருவிகள் தோன்றின. கோப்பின் பெயரைத் தட்டினால் போதும், படம் திரையில் விரியும். ஐயன் டேவிஸ் 1986இல் உருவாக்கிய 'தி டிரா', எழுத்துக்குறிகளால் வரைந்த திரைகளை இவ்வாறு 'காம்' கோப்பாகவும் சேமித்துத் தந்தது.

அந்தக் கட்டின் சிக்கனம் வியப்புக்குரியது. 'காம்' கோப்பு 65,280 பைட்டுகளைத் தாண்டலாகாது. 1987இல் வந்த விஜிஏ திரையில், 320க்கு 200 புள்ளிகளும் 256 வண்ணங்களும் கொண்ட படத்துக்கு 64,000 பைட்டுகள் வேண்டும். வண்ணப் பட்டியலுக்கு 768. சுருக்காமல் வைத்தால் நிரலுக்கு மிஞ்சுவது 512 பைட்டுகள்தாம். வண்ணங்களை ஏற்றுவது, எண்களைத் திரை நினைவகத்துக்கு நகர்த்துவது, ஒரு விசைக்காகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆனால் எதையும் சாராததாகத் தோன்றிய அக்கோப்பு, டாஸையும் விஜிஏ அட்டையையும் முழுக்கச் சார்ந்திருந்தது. 64-பிட் விண்டோஸ் அந்த 16-பிட் நிரல்களை இயக்குவதில்லை. டாஸ்பாக்ஸ் போல, பழைய சூழலைப் போலச்செய்யும் மென்பொருள் இருந்தால்தான் அவை இன்று விழிக்கும். மாறாக, 1987இல் கம்ப்யூசர்வ் வெளியிட்ட ஜிஃப் வடிவம் என்றுமே பிற நிரல்களைச் சார்ந்தது; ஆயினும் இன்றும் எங்கும் திறக்கிறது. அதன் இலக்கணம் பொதுவில் வைக்கப்பட்டிருந்ததால், எவரும் அதற்கொரு காட்டியைப் புதிதாக எழுத முடிந்தது.

தமிழும் இவ்வழியேதான் கணினிக்குள் வந்தது. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி (1984), மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு (1985) முதலியவை தமிழ் எழுத்துகளைத் தம்மோடு சுமந்தே வந்தன. அன்று வேறு வழியில்லை. அவை இன்றித் தமிழ்க் கணிமை இல்லை. பின்னர் எழுத்துருக்கள் பெருகின, குறியீடுகளும் பெருகின. குறித்த எழுத்துரு இல்லாத இடத்தில் கட்டுரை புரியாத குறிகளாகச் சிதறியது. எழுத்து வடிவங்களைத் தன்னுள்ளே கொண்ட பிடிஎஃப் கோப்பிலும், பழைய குறியீட்டில் அமைந்த பத்தியை நகலெடுத்தால் பெரும்பாலும் அச்சிதறலே கிடைக்கிறது. யூனிகோடு அந்தப் பொது இலக்கணத்தைத் தந்தது.

1990களிலும் அதன் பின்னும் ஊர்தோறும் டிடிபி கடைகளில் கோத்த நூல்களும் சிற்றிதழ்களும் பழைய குறியீடுகளிலேயே குறுந்தகடுகளில் கிடக்கக்கூடும். குறியீடு மாற்றும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் கோத்தோம் என்று சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். பாறை காத்திருக்கும், குறுந்தகடு காத்திராது. நம்மிடம் உள்ளவற்றை இப்போதே மாற்றி வைப்பதே உரிய செயல்.