கணினிக்குள் கணினி வந்த கதை

"சித்தப்பா, என்ர லாப்டொப்புக்குள்ள இன்னொரு கொம்பியூட்டர் ஓடுது. இதை ஆர் முதல் யோசிச்சது?" என்று என் பெறாமகள் கேட்டாள். பாடசாலை வேலைக்காக விண்டோஸ் கணினிக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து, அதில் லினக்ஸ் போட்டிருந்தாள். நல்ல கேள்வி. அதற்கான பதில் அவளுடைய அம்மம்மாவின் இளமைக் காலத்திலிருந்து தொடங்குகிறது.

1960களில் ஒரு கணினி ஓர் அறையையே நிறைக்கும். புதிய இயங்குதளம் ஒன்றை எழுதுகிறவருக்கு அந்த முழு இயந்திரமும் தனியாக வேண்டும். ஏனென்றால் அவருடைய நிரலில் ஒரு பிழை இருந்தால் எல்லாமே நின்றுவிடும், மற்றவர்களின் வேலையும் போய்விடும். எனவே இரவிலும் வார இறுதியிலும் முறை வைத்துக் காத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜில், ஐபிஎம் நிறுவனத்தின் சிறிய ஆய்வு மையம் ஒன்று இருந்தது. 1964 கடைசியில் ராபர்ட் கிரீஸியும் லெஸ் கோமோவும் அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி இருப்பதுபோல் காட்டினால் என்ன? உள்ளே இருக்கிற நிரலுக்கே தான் போலி இயந்திரத்தில் ஓடுவது தெரியக்கூடாது. அதுதான் சிபி-40. 1967 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினியில் 14 மெய்நிகர் இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். 14ஐயும் கூட்டினாலும் 4 மெகாபைட் வராது. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது காணாமல் போகலாம்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு நடந்தது. ஐபிஎம் தன் 370 வரிசைக் கணினிகளுக்கு மெய்நிகர் நினைவகம் சேர்க்கத் திட்டமிட்டது. அதற்கான மென்பொருளை எழுத வேண்டும், ஆனால் அந்த வன்பொருள் இன்னும் கையில் இல்லை. கேம்பிரிட்ஜ் ஆட்கள் பழைய கணினியின் மென்பொருளை மாற்றி, இன்னும் வராத 370ஐப் போல நடிக்கும் மெய்நிகர் இயந்திரத்தை உண்டாக்கினார்கள். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. அதே கணினியைப் பல்கலைக்கழக மாணவர்களும் பயன்படுத்தினார்கள். அவர்களில் ஒருவர் புதிய கட்டளை ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தால் இரகசியம் வெளியே போய்விடும். அதனால் அந்த நடிப்பையே இன்னொரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் பெட்டி! உண்மையான இயந்திரம் வருமுன்பே மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்ற பெயரில் ஐபிஎம் தன் மெய்நிகர் இயந்திர மென்பொருளை அறிவித்தது.

எந்தக் கணினியில் இதைச் செய்யலாம் என்பதற்கு 1974இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் ஒரு விதி எழுதினார்கள். உள்ளே இருக்கும் நிரல் இயந்திரத்தின் கட்டுப்பாட்டைத் தொட முயன்றால், காவலாளிபோல் நிற்கும் மென்பொருளுக்கு உடனே தெரிய வேண்டும். நம் வீட்டுக் கணினிகளில் இருந்த இன்டெல் சில்லுகள் இதில் தோற்றன. பென்டியத்தில் 17 கட்டளைகள் விதிக்கு அடங்கவில்லை. அவற்றில் சில, அனுமதி இல்லாதபோது பிழை என்றுகூடச் சொல்லாமல் பேசாமல் இருந்துவிடும். பேசாமல் இருக்கும் பிழைதான் மோசமான பிழை என்பது என் எண்ணம்.

1998இல் டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உட்பட ஐந்து பேர் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றி எழுதுவது அவர்களின் வழி. அடுத்த ஆண்டே அது சாதாரண கணினிகளில் ஓடியது. 2005, 2006இல் இன்டெலும் ஏஎம்டியும் சில்லுக்குள்ளேயே உதவியைச் சேர்த்தன. சில கணினிகளில் பயாஸ் அமைப்புக்குள் போய் நீங்கள் "இயக்கு" என்று மாற்றுவது அந்த உதவியைத்தான்.

2007இல் வெர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூல மென்பொருளாக வந்தது. 2010இல் மிட்செல் ஹஷிமோட்டோ வேக்ரண்ட் என்ற கருவியை வெளியிட்டார். எவ்வளவு நினைவகம், எந்த இயங்குதளம், எந்தெந்த மென்பொருள் என்பதையெல்லாம் ஒரு சிறு கோப்பில் எழுதிவிட்டால் போதும். அந்தக் கோப்பை நண்பருக்கு அனுப்பினால், அவரும் ஒரே கட்டளையில் அதே இயந்திரத்தைத் தன் கணினியில் எழுப்பிக்கொள்வார்.