குறிக்கோள்வழிக் கட்டளை

எதை, எதற்காகச் செய்து முடிக்க வேண்டும் என்பதைத் தலைவர் தெளிவாகச் சொல்லி, எப்படிச் செய்வது என்பதைக் களத்தில் இருப்பவரிடம் விட்டுவிடும் தலைமை முறை. ஜெர்மனியில் இதற்கு 'அவுஃப்டிராக்ஸ்டாக்டிக்' என்று பெயர்.

1806-இல் ஜெனா, அவுவர்ஷ்டெட் போர்களில் நெப்போலியனின் படைகளிடம் பிரஷ்யா தோற்றது. அதையடுத்து ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் ஆகியோர் மேற்கொண்ட படைச் சீர்திருத்தங்களில் இம்முறை வேர்விட்டது. 1857 முதல் 1888 வரை படைத் தலைமைப் பணியகத்தை நடத்திய ஹெல்முத் ஃபொன் மோல்ட்கே இதை வளர்த்தெடுத்தார்.

'பாலத்தைப் பிடி' என்று மட்டும் உத்தரவு வந்தால், பாலம் தகர்க்கப்பட்டதும் படைப்பிரிவு செய்வதறியாது நிற்கும். 'எதிரி ஆற்றைக் கடக்கக் கூடாது. அதற்காகப் பாலத்தைப் பிடி' என்றால், அடுத்த ஆழமற்ற துறையை அது தானாகவே காக்கும்.

கட்டுப்பாடு இங்கே கைவிடப்படுவதில்லை. எல்லை, கால வரம்பு, தரப்படும் வளங்கள், செய்யக்கூடாதவை ஆகியன முன்கூட்டியே வரையறுக்கப்படும். கீழ்நிலை அதிகாரி தம் திட்டத்தை மேலதிகாரியிடம் விளக்கிவிட்டே புறப்படுவார்.

1999-இல் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கியான சாண்டா ஃபேயின் தலைவராகப் பொறுப்பேற்ற டேவிட் மார்க்கே இதை ஒத்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதிகாரிகள் அனுமதி கேட்பதற்குப் பதிலாக, தாம் செய்யவிருப்பதைக் காரணத்தோடு அறிவித்தனர். தலைவர் ஒப்புதல் தந்தார். ஆயுதம் ஏவும் ஆணையை மட்டும் அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

பயிற்சியும் பரஸ்பர நம்பிக்கையும் குறைந்த குழுக்களில் இம்முறை குழப்பத்தில் முடியும். நொடி பிசகாமல் பலர் ஒருங்கியங்க வேண்டிய பணிகளுக்கு விரிவான உத்தரவே பொருந்தும்.